ஆள் மாறினா சாவியும் மாறணும்: அபார்ட்மெண்ட் அசோசியேஷன்காரங்களுக்கும் வீட்டு ஓனர்களுக்கும் ஒரு திறந்த மடல்

சென்னையில அபார்ட்மெண்ட் அசோசியேஷன்ல செகரெட்டரி, ட்ரெஷரரா இருக்குற சார், மேடம் எல்லாருக்கும், வீட்டை வாடகைக்கு விட்டிருக்குற ஓனர்களுக்கும் வணக்கம்.

நான் பூட்டு வேலை செய்யுறவன். புதுக் கதவுக்குப் பூட்டு போடுறது, சிலிண்டர், அதாவது பூட்டுல சாவி போடுற உருளை, அதை மாத்துறது, சாவியத் தொலைச்சிட்டு வாசல்ல நிக்கிறவங்களுக்குத் திறந்து குடுக்குறது, கடை ஷட்டர் லாக் ரிப்பேர், இதான் இருபது வருஷமா பொழப்பு. சொந்த ஊர் திண்டுக்கல். அப்பா நாகல் நகர் பக்கம் ஒரு பட்டறையில மாங்காய் பூட்டுக்கு உள்ள இருக்குற லீவர் தகடை அறுத்து அரம் போட்டவரு, 2019ல திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்ச செய்தி வந்த பேப்பரை இன்னும் மடிச்சு பீரோவுல வச்சிருக்காரு. அந்தப் பட்டறையில ஒரு பழக்கம் உண்டு, பூட்டு முடிஞ்சு ஆள் கையில குடுக்கும்போது சாவியை எண்ணித்தான் குடுப்பாங்க, "ரெண்டு சாவி இருக்கு, எண்ணிக்கோங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லணும், வாங்குறவரும் எண்ணிப் பாத்து ஆமான்னு சொல்லணும், அப்புறம்தான் காசு.

இந்த மடல் எழுதுறதே அந்த எண்ணிக்கைய பத்தித்தான். உங்க வீட்டு மெயின் டோர் சாவி இன்னிக்கு எத்தனை இருக்கு, யார் யார்கிட்ட இருக்குன்னு உங்களால சொல்ல முடியுமா? நான் கேட்ட ஓனர்கள்ல பத்துக்கு ஒம்பது பேருக்குச் சொல்ல முடியல.

போன வருஷம் ஒரு நர்ஸ் அம்மாவோட வீட்டுக்கு ராத்திரி ஒம்பது மணிக்குக் கூப்பிட்டாங்க. வாடகைக்கு வந்து மூணு வாரம்தான் ஆகுது. நைட் டியூட்டி முடிச்சிட்டு பகல்ல தூங்கிட்டு இருந்தவங்க சத்தம் கேட்டு எந்திரிச்சுப் பாத்தா ஹால்ல ஒரு பையன் ஸ்டூல் போட்டு லாஃப்ட்ல இருந்து சூட்கேஸ் எடுத்துட்டு இருக்கான், முன்னாடி குடியிருந்தவங்களோட அக்கா பையன், விட்டுப் போன பெட்டிய எடுத்துட்டு வரச்சொல்லி அனுப்பியிருக்காங்க, கையில சாவி இருந்துச்சு, வீடு இன்னும் காலியாத்தான் இருக்குன்னு நினைச்சுத் திறந்துட்டான். பாவம், அந்தப் பையன் இவங்களவிட பயந்துட்டானாம். எதுவும் திருட்டுப் போகல, யாரும் யாரையும் ஒண்ணும் பண்ணல. ஆனா நான் போனப்போ அந்த அம்மா கதவுக்குப் பின்னாடி டைனிங் டேபிளை இழுத்துப் போட்டு உக்காந்திருந்தாங்க. "அண்ணே, மூணு வாரமா நான் பூட்டிட்டுத் தூங்குனது எல்லாமே பொய்யா"ன்னு கேட்டாங்க. நான் சிலிண்டர் மாத்திக் குடுத்தேன், இருபது நிமிஷ வேலை. ஓனருக்கு போன் போட்டுச் சொன்னா, "எதுக்கு செலவு, அவங்ககிட்ட இருக்குற சாவியை வாங்கிட்டாப் போச்சு"ன்னாரு.

சார், சாவியை வாங்குறதால பூட்டு பத்திரமாகிடாது, அந்தச் சாவிய வச்சு எத்தனை சாவி போட்டாங்கன்னு சாவியைப் பாத்தாத் தெரியாது.

ஒரு ஃப்ளாட் சாவி எப்படிப் பெருகுதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுறேன். புதுப் பூட்டு டப்பாவுல மூணோ அஞ்சோ சாவி வரும். பில்டர் கையில குடுக்குறதுக்கு முன்னாடியே டைல்ஸ்காரர், பெயிண்டர், கார்பெண்டர் எல்லாம் அதே பூட்டைத்தான் திறந்து மூடியிருப்பாங்க. அப்புறம் இன்டீரியர் வேலை, ஒரு மாசம் ஒரு சாவி அவங்க சூப்பர்வைசர்கிட்ட. வாடகைக்கு விடணும்னு ப்ரோக்கர்கிட்ட ஒண்ணு, அவரு தன்கிட்ட வேலை பாக்குற பையன்கிட்ட ஒண்ணு. முதல் குடித்தனம் வராங்க, புருஷன் பொண்டாட்டிக்கு ஆளுக்கு ஒண்ணு, மாமியார் ஊர்ல இருந்து வந்தா ஒண்ணு, வேலைக்கு வர்ற அக்காவுக்கு ஒண்ணு, செக்யூரிட்டி ரூம்ல ஒண்ணு. அவங்க காலி பண்றாங்க, ரெண்டு சாவியத் திருப்பித் தராங்க, ஓனர் அட்வான்ஸைக் குடுத்துடுறாரு. பேச்சுலர் பசங்கன்னா இன்னும் மோசம், நாலு பேர்னு சொல்லி வாடகைக்கு எடுப்பாங்க, மூணு வருஷத்துல பத்துப் பேர் மாறியிருப்பாங்க, ஒவ்வொருத்தனும் நூறு ரூபாய்க்குள்ள தெருமுனையில சாவி போட்டிருப்பான். மூணாவது குடித்தனம் உள்ள வரும்போது அந்தக் கதவுக்கு வெளிய பதினஞ்சு சாவியாவது சுத்திட்டு இருக்கும். அதுல கெட்டவன் ஒருத்தன்கூட இல்லாம இருக்கலாம். ஆனா தொலைஞ்சுபோன சாவி ஒண்ணு இருக்கும், பழைய பையோட யாருக்கோ குடுத்த சாவி ஒண்ணு இருக்கும்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். குடித்தனம் மாறும்போது, புது ஆள் கையில சாவி குடுக்குறதுக்கு முன்னாடி, சிலிண்டரை மாத்துங்க இல்ல அதுக்குள்ள சாவிக்கு ஏத்த மாதிரி நிக்கிற பித்தளைப் பின்னை மாத்துங்க. வெள்ளையடிக்கிறீங்க, டேங்க் கழுவுறீங்க, அந்த லிஸ்ட்ல இதையும் சேருங்க.

நிறைய பேர் பூட்டு மாத்துறதுன்னா கதவையே வெட்டிப் பெயர்க்குற வேலைன்னு நினைக்கிறாங்க, அதனாலதான் தள்ளிப்போடுறாங்கன்னு எனக்குத் தோணுது. அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். இப்ப வர்ற மார்டைஸ் லாக்ல பூட்டோட உடம்பு வேற, சாவி போடுற சிலிண்டர் வேற. உடம்பு கதவுக்குள்ள உளி போட்டு வெட்டின குழியில உக்காந்திருக்கும், அதைத் தொடவே வேணாம். கதவைத் திறந்து பக்கவாட்டுல பாத்தீங்கன்னா பூட்டு நாக்கு வர்ற பட்டையில சிலிண்டருக்கு நேரா ஒரே ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதைக் கழட்டி, சாவியப் போட்டு லேசா ஒரு பக்கம் திருப்பினா, சிலிண்டர் நடுவுல இருக்குற குட்டி நாக்கு உள்ள அடங்கி நேரா வந்துரும், அப்படியே இழுத்தா சிலிண்டர் கைக்கு வந்துடும். ஸ்க்ரூ ஓட்டையோட நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் அளக்கணும், 30ம் 30மா இருந்தா 60 எம்எம் சிலிண்டர், 35ம் 35ம்னா 70. சில கதவுல உள்பக்கம் ஒரு அளவும் வெளிப்பக்கம் ஒரு அளவும் வரும், அதைப் பாக்காம கடைக்காரர் குடுக்குறத வாங்கிட்டு வந்து மாட்டி, வெளிய அரை இஞ்ச் நீட்டிட்டு நிக்கிற சிலிண்டரை நான் எத்தனையோ வீட்டுல பாத்திருக்கேன். அது ஆபத்து. அந்த ஸ்க்ரூ ஓட்டை இருக்குற இடத்துலதான் சிலிண்டர் ரொம்ப மெலிசா இருக்கும், வெளிய நீட்டிட்டு இருக்குறதைப் பிடிச்சு முறிச்சா அங்கதான் உடையும். கதவு மேல இருக்குற கைப்பிடித் தகட்டுக்கு வெளிய ரெண்டு மூணு எம்எம்முக்கு மேல சிலிண்டர் தெரியக்கூடாது.

அதே சிலிண்டரை வச்சுக்கிட்டு சாவிய மட்டும் மாத்துறதும் உண்டு. 1860கள்ல அமெரிக்காவுல லைனஸ் யேல் ஜூனியர் பேட்டண்ட் வாங்கின அமைப்புதான் இன்னிக்கும் நம்ம கதவுல இருக்கு. உள்ள அஞ்சோ ஆறோ பித்தளைப் பின் வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணு மேலயும் இன்னொரு பின்னு, அதுக்கு மேல ஸ்பிரிங். சாவியில இருக்குற வெட்டு ஒவ்வொரு பின்னையும் அதுக்கான உயரத்துக்குத் தூக்கும், எல்லாம் ஒரே கோட்டுல வந்து நின்னாத்தான் உள் உருளை சுத்தும். அந்தக் கீழ்ப் பின்னுகளை வேற நீளத்துக்கு மாத்தி, அதுக்கு ஏத்த சாவிய வெட்டிட்டா, பழைய சாவி உள்ள போகும் ஆனா திரும்பாது. நம்ம ஊர்ல எல்லா கம்பெனி சிலிண்டருக்கும் பின் செட் தனியா கிடைக்காது, அதனால பெரும்பாலும் புது சிலிண்டர் போடுறதுதான் சுலபம், நல்ல பித்தளை சிலிண்டரே ஆயிரம் ரூபாய் சுத்துல வந்துடும், கூலி தனி. பழைய லீவர் பூட்டா இருந்தா லீவரை மாத்தி வேற சாவி போடலாம், அப்பா காலத்து வேலை அது, இப்ப செய்யத் தெரிஞ்சவங்க கொறைஞ்சுட்டாங்க. தொங்கு பூட்டுன்னா யோசிக்கவே வேணாம், புதுசு வாங்குங்க.

நாலஞ்சு வீடு வாடகைக்கு விட்டிருக்குற ஓனர்களுக்கு ஒரு வழி சொல்றேன், அதிகச் செலவே இல்ல. ஒரே அளவு சிலிண்டர் ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி வச்சுக்கோங்க. ஒரு வீடு காலியாச்சுன்னா அதுல அந்த எக்ஸ்ட்ராவைப் போடுங்க, கழட்டினதை எடுத்து வச்சு அடுத்து வேற ஏரியாவுல ஒரு வீடு காலியாகும்போது அங்க போடுங்க. அதே கட்டடத்துல மட்டும் மாத்திப் போடாதீங்க, முன்னாடி இருந்தவங்க சாவி பக்கத்து வீட்டைத் திறக்கும்.

மாத்தினதும் ஒண்ணு மறக்காதீங்க, கதவைத் திறந்து வச்சுக்கிட்டே எல்லா சாவியையும் போட்டு ரெண்டு மூணு தடவை பூட்டித் திறந்து பாக்கணும், அதுக்கப்புறம்தான் கதவைச் சாத்தணும். இதச் செய்யாம சாத்திட்டு மாட்டிக்கிட்டவங்க வீட்டுக்கு நான் ஓடியிருக்கேன். அப்புறம் நிலையில நாக்கு போய் உக்கார்ற தகட்டையும் ஒரு தடவை பாத்துடுங்க, அஞ்சாயிரம் ரூபாய் பூட்டைப் போட்டுட்டு அந்தத் தகட்டை அரை இஞ்ச் ஸ்க்ரூல நிறுத்தியிருப்பாங்க, தோள் குடுத்து நாலு இடி இடிச்சா தகடு தனியா வந்துரும். மூணு இஞ்ச் ஸ்க்ரூவா போடச் சொல்லுங்க, மரத்துக்குள்ள நல்லா பிடிக்கும்.

"இவ்ளோ நாள் இருந்தவங்க மேல சந்தேகப்படுற மாதிரி ஆகாதா"ன்னு ஒரு மேடம் கேட்டாங்க. மேடம், எனக்கு இதுல சொல்ல நிறைய இருக்கு. ஒரு வீட்டுல பூட்டு உடையாம நகை போச்சுன்னா முதல்ல யாரக் கேப்பாங்க? சாவி வச்சிருந்தவங்களத்தான். அந்த வீட்டுல வேலை செய்யுற அக்காவை, அதுக்கப்புறம் முன்னாடி குடியிருந்தவங்களை, அதுக்கப்புறம் அந்தப் பூட்டுக்குச் சாவி போட்டுக் குடுத்த எங்கள மாதிரி ஆளுங்கள. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, பத்து வருஷமா ஒரே வீட்டுல பாத்திரம் தேய்ச்சவங்க, ஓனர் மாறினப்பவும் அதே வீட்டுல வேலை, கையில பழைய சாவி. ஒரு நாள் செயின் காணோம்னு ரெண்டு நாள் ஸ்டேஷனுக்கு அலைய விட்டாங்க, அப்புறம் செயின் அந்த வீட்டு பீரோவுலயே பட்டுப்புடவை மடிப்புல கிடைச்சுது. யாரும் அந்த அக்காகிட்ட மன்னிப்புகூடக் கேக்கல, அவங்க அந்தத் தெருவுக்கே வேலைக்குப் போறத விட்டுட்டாங்க. ஓனர் மாறின அன்னிக்கே சிலிண்டர் மாத்தி, யாருக்கு எத்தனை சாவின்னு எழுதி வச்சிருந்தா அந்த அக்கா பேரை அப்படி இழுத்திருக்க மாட்டாங்க. பூட்டு மாத்துறது காலி பண்ணிப் போறவங்களுக்குப் பண்ற மரியாதைன்னு நான் நினைக்கிறேன், நாளைக்கு அந்த வீட்டுல எது நடந்தாலும் அவங்களுக்குச் சம்பந்தம் இல்லன்னு அந்தப் புதுச் சாவியே சொல்லிடும்.

செலவு யாருதுன்னு சண்டை வருது. 2017ல போட்டு 2019 பிப்ரவரியில அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்துல கைப்பிடி, பூட்டு மாத்துறதெல்லாம் குடியிருக்கிறவர் பாத்துக்க வேண்டிய சில்லறை ரிப்பேர் பட்டியல்ல வருது, அதைக் காட்டித்தான் ஓனர்கள் பேசுறாங்க. சரிதான், குடியிருக்கும்போது பூட்டு கெட்டுப்போனா அது குடித்தனக்காரர் செலவு. ஆனா ஆள் உள்ள வர்றதுக்கு முன்னாடி அந்த வீட்டைப் பத்திரமாக் கையில குடுக்குறது ரிப்பேர் இல்லியே, வெள்ளையடிக்கிறது மாதிரி அது ஓனர் வேலைதான், என்னோட நியாயம் அது. அதே சட்டத்துலதான் ஓனர் வீட்டுக்குள்ள வரணும்னா 24 மணி நேரம் முன்னாடி எழுத்துல சொல்லணும்னும் இருக்கு. ஸ்பேர் சாவி கையில இருக்குறதால எப்ப வேணா திறந்து பாக்கலாம்னு நினைக்கிற ஓனர்கள் அதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. பொண்ணுங்க தனியா தங்கியிருக்குற வீட்டுல இதப் பத்தி என்கிட்ட சொல்லி அழுதவங்க இருக்காங்க.

பூட்டு மாத்தாததால இன்னொரு ஆபத்து வருது, அதுதான் எனக்கு ராத்திரி தூக்கம் வராத விஷயம். மெயின் பூட்டு மேல நம்பிக்கை இல்லாதவங்க என்ன பண்றாங்க, கூடுதலா கிரில் கேட் போட்டு அதை உள்பக்கமா தொங்கு பூட்டு போட்டுப் பூட்டிட்டு சாவிய சாமி ரூம் ஆணியிலயோ பீரோவுலயோ வச்சிட்டுத் தூங்குறாங்க. வயசானவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்குற வீட்டுல மூணு பூட்டு, மூணு சாவி. நடுராத்திரி ஷார்ட் சர்க்யூட் ஆகி கரண்ட் போயி வீடு பூரா புகைன்னா அந்தச் சாவிய எப்படித் தேடி எடுப்பாங்க? 1997ல டெல்லி உப்ஹார் தியேட்டர்ல 59 பேர் புகையில மூச்சுத் திணறிச் செத்துப்போனாங்க, பால்கனியில வெளிய போற கதவு சாத்திக் கிடந்துச்சு. வீடும் அப்படித்தான் சார். உள்ள இருந்து வெளிய வர்றதுக்குச் சாவியே தேவைப்படக்கூடாது. சிலிண்டர் வாங்கும்போதே ஒரு பக்கம் சாவி, உள்பக்கம் திருகுற நாப் இருக்குறதா கேட்டு வாங்குங்க. கிரில்லுக்கும் உள்பக்கம் கையால திறக்குற மாதிரி லாக் இருக்கு, வெளிய இருந்து கை விட்டுத் திறக்காத மாதிரி ஒரு தகடு வெல்டு பண்ணிக்கலாம். மெயின் டோர் பூட்டு உங்களோடதுதான்னு நம்பிக்கை வந்துட்டா அந்தத் தொங்கு பூட்டே தேவைப்படாது.

டிஜிட்டல் லாக் போட்டுட்டோம், எங்களுக்கு இந்தக் கவலை இல்லன்னு சொல்றவங்களும் இருக்கீங்க. போன குடித்தனக்காரங்க கைரேகையை அழிச்சீங்களா? கம்பெனியில இருந்து வந்த மாஸ்டர் நம்பரை மாத்தினீங்களா? அதைவிட முக்கியம், நிறைய டிஜிட்டல் லாக்ல மூடிக்குப் பின்னாடி அவசரத்துக்கு ஒரு சாவி ஓட்டை இருக்கும், அந்தச் சாவிய யார்கிட்ட குடுத்தீங்க? முப்பதாயிரம் ரூபாய் லாக்கை நம்பிட்டு அந்தச் சின்னச் சாவிய மறந்துடுறாங்க. பேட்டரி குறைஞ்சு சத்தம் போட்டா அன்னிக்கே மாத்துங்க, அப்படியே நின்னுபோனா கீழ ரெண்டு புள்ளி மாதிரி இருக்கும், பல மாடல்ல 9 வோல்ட் பேட்டரியை அதுல வச்சு அழுத்திக்கிட்டே நம்பர் போட்டா திறக்கும்.

கட்டடத்துக்குக் கீழ கடை வச்சிருக்குறவங்களுக்கும் இதே கதைதான். மெடிக்கல் ஷாப் ஒண்ணுல ஒவ்வொரு தடவை பையன் வேலைய விட்டு நின்னதும் ஓனர் என்னைக் கூப்பிட்டு ஷட்டரோட ரெண்டு சைடு லாக்கையும் மாத்துவாரு, கூடவே பழைய பையனுக்கு நல்லபடியா கணக்கு முடிச்சு அனுப்புவாரு. கண்ணாடிக் கதவு வச்ச கடைன்னா கீழ தரையோட ஒட்டி இருக்குற லாக்லயும் அதே சிலிண்டர்தான், அதையும் மாத்தலாம்.

செக்யூரிட்டி ரூம் சாவிப் பலகைய பத்தி அசோசியேஷன்காரங்ககிட்ட தனியா ஒரு வார்த்தை. ஆணியில வரிசையா சாவி, ஒவ்வொண்ணுலயும் அட்டையில "பி 304, வெளிநாடு"ன்னு எழுதித் தொங்குது, ரூம் கதவு பகல் பூரா திறந்தே கிடக்குது, தண்ணி கேன் போடுற பையன்ல இருந்து கொரியர்காரர் வரைக்கும் எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. தயவுசெஞ்சு அதை இன்னிக்கே எடுங்க. அவசரத்துக்குச் சாவி வேணும்னா கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல ஓனர் கையெழுத்துப் போட்டு, பூட்டுற டப்பாவுல வைங்க. கவர் மேல ஃப்ளாட் நம்பர் எழுதாதீங்க, ஒரு கோடு நம்பர் போட்டு எந்த நம்பர் எந்த ஃப்ளாட்டுன்னு செகரெட்டரிகிட்ட மட்டும் இருக்கட்டும். எடுத்தா தேதி, நேரம், பேர் எழுதணும். புது வீட்டு சாவிய உள்ளங்கையில வச்சு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறவங்களும் இருக்காங்க, அந்த வெட்டு தெளிவா தெரிஞ்சா போட்டோவப் பாத்தே சாவி வெட்ட முடியும், இந்த வேலை தெரிஞ்சவன் நான் சொல்றேன், செய்யாதீங்க.

அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்ல ஒரு தீர்மானம் போடுங்க: "எந்த ஃப்ளாட்டுல குடித்தனமோ ஓனரோ மாறினாலும், மூவ்-இன் பாஸ் குடுக்குறதுக்கு முன்னாடி மெயின் டோர் சிலிண்டர் மாத்தின பில்லை ஆபீஸ்ல காட்டணும்." லாரிக்கு லிஃப்ட் சார்ஜ் வாங்குறீங்க, பெயிண்டிங் வேலைக்கு டெபாசிட் வாங்குறீங்க, அதே ஃபாரத்துல இன்னும் ஒரு வரி, அவ்ளோதான். மொத்தமா இருபது சிலிண்டர் வாங்கினா கடையில விலையும் குறைச்சுத் தருவாங்க. உங்க பிளம்பர், எலக்ட்ரீஷியன் யாருக்கு வேணா இந்த வேலையக் கத்துக்குடுக்கலாம், என்னையே கூப்பிடணும்னு இல்ல.

மீட்டிங் அன்னிக்கு காலையில கூப்பிட்டீங்கன்னா ஒரு பழைய கதவுப் பலகையும் ரெண்டு சிலிண்டரும் எடுத்துட்டு வரேன், எல்லார் முன்னாடியும் கழட்டி மாட்டிக் காட்டுறேன், வயசானவங்களையும் ஒரு தடவை கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. அதுக்குக் காசு வேணாம். போகும்போது ஒவ்வொருத்தரும் வீட்டுக்குப் போய் சாவி எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாத்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சாப் போதும்.

இப்படிக்கு,
உங்க ஏரியாவுல பூட்டு வேலை செய்யுற ஒருத்தன்